பழம்பாடலைப் படித்து விடை எழுதுவது எப்படி? தில்லித் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தில்லியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு உரைநடைப் பாடம் பெரிய தொல்லை இல்லை. வீட்டில் பேசும் தமிழை வைத்தே பாதி தூரம் போய்விடுவார்கள். செய்யுள் வந்ததும்தான் நோட்ஸ் வெளியே வருகிறது. அதில் 'பாடலின் பொருள்' என்று ஒரு பத்தி இருக்கும். அதை மனப்பாடம் செய்து, கேள்வி எதுவானாலும் அதையே எழுதிவிட்டு வருவார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால், உதாரணமாக 'தலைவி ஏன் இப்படிச் சொல்கிறாள்?' என்று கேட்டால், பேனா நின்றுவிடும். அந்தப் பத்தியில் தலைவியே இல்லையே!

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்காகவும், மாலையில் அவர்களோடு உட்காரும் அம்மா அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணாபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் ஏழும் இருக்கிற ஊர் இது. அங்கே படிப்பவர்களுக்கும், வேறு பள்ளியில் படித்துக்கொண்டு வீட்டில் தமிழ் கற்பவர்களுக்கும் வழி ஒன்றுதான்.

நான் சொல்ல வருவது இதுதான்: 'இந்தப் பாடலின் பொருள் என்ன?' என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன் கேட்கவேண்டியவை யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில், வேறு யார் காதில் விழுகிறது என்பவை. இதற்கு விடை கிடைத்துவிட்டால் பொருள் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.

படி 1: சீரைக் கலைத்துச் சொல்லாகப் படியுங்கள்

பாடல் புத்தகத்தில் அச்சாகியிருப்பது சீர் சீராக, அதாவது ஓசைக்கு ஏற்றபடி. சொல் எங்கே முடிகிறது என்று அது காட்டாது. இந்தக் குறளைப் பாருங்கள்:

இருநோக்கு இவளுண்கண் உள்ளது ஒருநோக்கு
நோய்நோக்கொன் றந்நோய் மருந்து.

'றந்நோய்' என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. பிள்ளைகள் அங்கேயே முட்டிக்கொள்வார்கள். பென்சிலை எடுத்து, பாடலுக்குக் கீழே பிரித்து எழுதச் சொல்லுங்கள்: இரு நோக்கு இவள் உண்கண் உள்ளது, ஒரு நோக்கு நோய் நோக்கு, ஒன்று அந்நோய் மருந்து. இவ்வளவுதான். இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதி புரிந்துவிட்டது. 'உண்கண்' மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்: மை தீட்டிய கண்.

பிரித்து எழுதியதை ஒருமுறை பேசுகிற தொனியில் வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் மூலத்தை ஓசையோடு படியுங்கள். இரண்டும் வேண்டும். பிரித்தால் பொருள் கிடைக்கும், ஓசையோடு படித்தால் பாடல் நினைவில் நிற்கும். தில்லிப் பிள்ளைகள் பலர் ழகரத்தையும் ஒற்று மிகுவதையும் காதால் கேட்டுப் பழகாதவர்கள் என்பதால் வாய்விட்டுப் படிப்பதை இங்கே விடவே கூடாது.

தெரியாத சொல்லுக்கு உடனே அகராதிக்கு ஓடவேண்டாம். முதலில் அடிக்கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். பாடலை முடித்த பிறகு பார்த்தால், அடிக்கோடு போட்டவற்றில் சில தாமாகவே விளங்கியிருக்கும். மீதிக்குத்தான் அகராதி.

படி 2: யார், யாரிடம், எப்போது?

குறுந்தொகையின் மூன்றாம் பாடல் பாடப்புத்தகங்களில் அடிக்கடி வருவது. பாடியவர் தேவகுலத்தார்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

நோட்ஸ் சொல்வது: தலைவனோடு தலைவி கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது. தவறில்லை. ஆனால் இது பாடலின் சொற்களை இன்றைய தமிழில் மாற்றிப்போட்டது மட்டுமே. இதை வைத்து இரண்டு மதிப்பெண் வினாவைத் தாண்டமுடியாது.

காதலைப் பாடும் அகப்பாடலுக்குக் கீழே, யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'கூற்று' என்பார்கள். பெரும்பாலான மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால் பாடலைவிட முதலில் அதைத்தான் படிக்கவேண்டும். இந்தப் பாடலின் கூற்று சொல்லும் காட்சி இது: தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். அவன் சீக்கிரம் வந்து மணந்துகொள்ளவேண்டும் என்பதற்காகத் தோழி வேண்டுமென்றே அவனைக் குறைசொல்கிறாள். அதற்கு மறுமொழியாகத் தலைவி அவனை உயர்த்திப் பேசுகிறாள்.

இப்போது பாடலைத் திரும்பப் படியுங்கள். முதல் அடியே ஏன் 'பெரிதே' என்று ஒரு வாதம்போல ஆரம்பிக்கிறது என்று தெரியும். இது தனியாக உட்கார்ந்து காதலை எண்ணி உருகும் பெண்ணின் பேச்சு அன்று. தோழி 'அவன் ஒன்றும் பெரிய ஆள் இல்லை' என்ற தொனியில் பேசியிருக்கிறாள், இவள் பதில் சொல்கிறாள். பதில் தோழிக்குத்தான், ஆனால் வேலிக்கு அப்பால் நிற்பவன் காதிலும் விழுகிறது. இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறவளை இன்னும் காக்கவைப்பது சரியா என்று அவன் யோசிக்கவேண்டும். தோழி குறைசொல்வதும் தலைவி புகழ்வதும் போய்ச்சேரும் இடம் ஒன்றே: கல்யாணம்.

இப்படி மறைவில் நின்று கேட்பதற்குச் 'சிறைப்புறம்' என்று பெயர். விடைத்தாளில் அந்தச் சொல்லைப் போட்டு, அதனால் பாடலின் தொனி எப்படி மாறுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும், இந்தப் பிள்ளை பாடலைப் படித்திருக்கிறது என்று.

இன்னும் ஒன்று கவனியுங்கள். முதல் இரண்டடியில் நிலம், வான், நீர் என்று எல்லாமே பிரமாண்டம். அடுத்த இரண்டடியில் திடீரென்று ஒரு மலைச்சாரல், கருத்த காம்புடைய ஒரு செடி, அதன் பூ. பூவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது பெருந்தேன். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, நீலகிரிப் பக்கம் 2018இல் பூத்தது. அப்படி அரிதாகப் பூப்பதிலிருந்து சேர்த்த தேன் போன்ற உறவு என்று நாம் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. பாடல் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதனால் விடையில் 'குறிப்பாக உணர்த்துகிறது' என்று எழுதுங்கள், 'கூறுகிறது' என்று எழுதாதீர்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் பாடலில் இருப்பதையும் நாம் ஊகிப்பதையும் பிரித்துக் காட்டத் தெரிந்தவர்தான் நல்ல விடை எழுதுவார்.

படி 3: நிலமும் பொழுதும், தில்லிக் கண்ணோடு

அகப்பாடலில் ஐந்து நிலம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கம்: குறிஞ்சி புணர்தல், முல்லை இருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிதல். இதை எல்லாரும் ஒப்பிப்பார்கள். பிரச்சினை அங்கே இல்லை. கடலையே பார்க்காத பிள்ளைக்கு நெய்தல் வெறும் பட்டியல் சொல். ராமகிருஷ்ணாபுரத்தில் வளர்கிற பிள்ளைக்குக் கழியும் கானலும் எங்கே தெரியும்? ஊருக்குப் போகும்போது ஒரு மாலை கடற்கரையில் உட்காரவைப்பதுதான் சரியான பாடம். முடியாதவர்கள் படமாவது காட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் தில்லிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். பாலை என்றால் என்ன என்று மே, ஜூன் மாத நண்பகலில் லூ என்னும் அனல்காற்று அடிக்கும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். பாலைக்குப் பெரும்பொழுது (ஆண்டின் பருவம்) வேனிலும் பின்பனியும், சிறுபொழுது (நாளின் நேரம்) நண்பகல். 'ஏன் நண்பகல்?' என்று வினா வந்தால், நிழலே இல்லாத நேரத்தில், நீரற்ற வழியில், ஒருவர் பிரிந்து போவதை எண்ணிப் பாருங்கள். விடை உடம்பிலிருந்தே வரும்.

மாதக் கணக்கில்தான் இங்கே குழப்பம் வரும். கார்காலம் என்பது ஆவணியும் புரட்டாசியும். இந்தியில் பாட்டுப் பாட்டாக வரும் சாவன் மாதம் ஜூலை, ஆகஸ்டை ஒட்டியது. தமிழ்நாட்டில் பெருமழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகையில், அது கூதிர்காலம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி 'கார்காலம் என்றால் ஜூலை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாதப் பெயரை இப்படி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்: கார் ஆவணி புரட்டாசி, கூதிர் ஐப்பசி கார்த்திகை, முன்பனி மார்கழி தை, பின்பனி மாசி பங்குனி, இளவேனில் சித்திரை வைகாசி, முதுவேனில் ஆனி ஆடி.

ஆனாலும் சாவனை முழுதாகத் தள்ளிவிடவேண்டாம். இந்தியில் பாரஹ்மாஸா என்று ஒரு வகைப் பாடல் உண்டு. பிரிந்திருக்கும் பெண் பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வருந்துவது. முல்லைத் தலைவி கார்மேகத்தைப் பார்த்துக் கணவன் வருகைக்குக் காத்திருப்பதை விளக்க, இந்தி வகுப்பில் அதைப் படித்த பிள்ளைக்கு அதுவே நல்ல கைப்பிடி. பருவம் வந்தது, ஆள் வரவில்லை என்பதுதான் இரண்டிலும் வலி. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவையுங்கள்: முல்லையில் அவள் அழுது புலம்புவதைவிட ஆற்றியிருப்பதே முக்கியம். 'இருத்தல்' என்பது அதுதான். புலம்பல் மிகுந்தால் நெய்தலுக்குப் போய்விடும்.

படி 4: குறளுக்கு அதிகாரத் தலைப்பும் விடையில் பாதி

கபீரின் தோஹாக்களை இந்தியில் படித்தவர்கள் குறளையும் அதே மாதிரி வாசிக்கிறார்கள். இரண்டடி, நீதி, முடிந்தது. தோஹா தனியாக நிற்கும், பல இடங்களில் கபீரே தன் பெயரையும் போட்டுவிடுவார். குறள் அப்படி இல்லை. பத்துப் பத்தாகச் சேர்ந்து 133 அதிகாரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. தலைப்பை விட்டுவிட்டால் குறளின் பாதி நம் கையை விட்டுப் போய்விடும்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகுதான் என்றாலும் அளவுக்குமேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று எழுதிவிட்டு எல்லாரும் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இது இருப்பது 'வலியறிதல்' அதிகாரத்தில், அரசன் போருக்கு முன் தன் வலிமையையும் எதிரியின் வலிமையையும் எடைபோடுவதைப் பற்றிய இடத்தில். அங்கே வைத்துப் படித்தால் பீலி யார்? ஒவ்வொருவராகப் பார்த்தால் இலேசான எதிரிகள். இவன் ஒன்றுமில்லை, அவன் ஒன்றுமில்லை என்று பலரைப் பகைத்துக்கொண்டே போனால், அவர்கள் ஒன்றுசேரும்போது வலியவனும் முறிவான். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இப்படித்தான் விளக்குகிறார். சொல்லவந்ததைச் சொல்லாமல் உவமையை மட்டும் சொல்லி நிறுத்தியிருப்பதால் இது பிறிது மொழிதல் அணி. அணியின் பெயரை மட்டும் எழுதினால் ஒரு மதிப்பெண். 'வண்டி என்பது அரசன், பீலி என்பது எளிய பகைவர், அச்சு என்பது அவன் வலிமை' என்று பொருத்திக் காட்டினால்தான் முழு மதிப்பெண்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கொடுங்கோன்மை அதிகாரம்:

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

'இரவு' என்றதும் ராத்திரி என்று எண்ணிக்கொள்கிற பிள்ளைகள் நிறையப் பேர். இங்கே இரத்தல், கேட்டு வாங்குதல். காட்டுவழியில் வேலோடு நிற்கும் கள்வன் 'போடு' என்று அதட்டுவதும், கையில் செங்கோலோடு நிற்கும் அரசன் 'கொடு' என்று கேட்பதும் ஒன்றுதான் என்கிறது குறள். இப்போது சொற்களை எதிரெதிரே வையுங்கள். வேலொடு, கோலொடு. நின்றான், நின்றான். இடு என்ற கட்டளை, இரவு என்ற கெஞ்சல். கெஞ்சுகிறவன் கையில் கோல் இருக்கும்போது அது கெஞ்சலா? அந்த நக்கல்தான் குறளின் உயிர். வேலொடு, கோலொடு என்ற எதுகை வெறும் அலங்காரம் அன்று. கள்வனையும் அரசனையும் காதில் ஒன்றாக ஒலிக்கவைப்பதே அந்த எதுகைதான். 'எதுகை நயம் அமைந்துள்ளது' என்று எழுதி நிறுத்துகிறவருக்கும் இதை எழுதுகிறவருக்கும் உள்ள தூரம் அதிகம்.

படி 5: பாடலின் மூட்டு எங்கே?

நீண்ட பாடலில் எல்லா அடியும் ஒரே கனம் உள்ளவை அல்ல. ஏதோ ஒரு இடத்தில் பாடல் மடங்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நெடுவினா எழுதுவது சுலபம்.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' தில்லித் தமிழர் விழா எதிலும் கேட்காமல் இருக்காது. 2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பிரதமர் சொன்ன பிறகு, தமிழ் தெரியாத அண்டைவீட்டுக்காரர்கூட அதைப்பற்றி விசாரிக்கிறார். ஊரைவிட்டு வந்து வாழ்கிற நமக்கு அந்த வரி ஒட்டிக்கொள்வது இயல்பு. சரி, அதற்குப் பின் என்ன இருக்கிறது? கணியன் பூங்குன்றனாரின் இந்தப் புறநானூற்றுப் பாடலில் (192) முதல் வரியைத் தாண்டியவர் குறைவு.

தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை, நோவதும் தணிவதும் அப்படியே. சாவு புதிது அன்று. வாழ்க்கை இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுப்பில் துன்பம் என்று சொன்னதும் இல்லை. இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து ஒரு காட்சியைக் காட்டுகிறார்: மின்னலோடு வானம் குளிர்ந்த மழையைப் பெய்ய, கல்லில் மோதி ஒலிக்கும் பெரிய ஆறு, அந்த நீரின் வழியே போகும் தெப்பம். உயிரும் அப்படி முறைவழியே போகிறது என்று திறவோர் காட்சியால் தெளிந்தோம், 'ஆகலின்' பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை.

அந்த 'ஆகலின்'தான் மூட்டு. 'ஆகையால்' என்று அர்த்தம். அதுவரை வந்தது காரணம், அதற்குப் பிறகு வருவது முடிவு. தெப்பம் தன் விருப்பத்துக்குப் போவதில்லை என்றால் முன்னால் போகிற தெப்பத்தைப் பார்த்து வாய்பிளக்க என்ன இருக்கிறது? பின்தங்கியதைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? யாவரும் கேளிர் என்பதற்கும் அதே தெப்பம்தான் அடிப்படை. 'அதனினும்' என்ற சொல்லையும் விடாதீர்கள். வியக்காமல் இருப்பதைவிட இகழாமல் இருப்பதில் புலவர் இன்னும் உறுதியாக இருக்கிறார். 'இப்பாடல் உலக ஒற்றுமையை வலியுறுத்துகிறது' என்ற ஒற்றை வரி விடைக்குள் இதில் எதுவுமே இல்லை.

மூட்டு சில சமயம் ஓர் எழுத்தாகவும் இருக்கும். சிலப்பதிகார வழக்குரை காதையில் பாண்டியன் சொல்வது: 'யானோ அரசன் யானே கள்வன்'. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், அரசி சிலம்பில் இருப்பது முத்து என்று அறிந்த அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'யானோ' என்பதில் உள்ள ஓ, நானா அரசன், இல்லை என்று மறுக்கிறது. 'யானே' என்பதில் உள்ள ஏ, நான்தான் கள்வன் என்று உறுதிசெய்கிறது. கோவலனைக் கள்வன் என்றவன் அதே சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். 'பாண்டியன் நீதி தவறாதவன் என்பதை நிறுவுக' என்ற வினாவுக்கு இந்த இரண்டு எழுத்தை வைத்தே ஒரு பத்தி எழுதலாம்.

படி 6: விடை எழுதுதல்

கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'விளக்குக' என்றால் பாடலில் இருப்பதை விரித்துச் சொல்லவேண்டும். 'காரணம் கூறுக' என்றால் கூற்றையும் சூழலையும் கொண்டுவரவேண்டும். 'ஒப்பிடுக' என்றால் இரண்டு தனித்தனிப் பத்தி எழுதக்கூடாது, ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டும் இருக்கவேண்டும். 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்றால் இடம், பொருள், விளக்கம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டவேண்டும். இதில் 'இடம்' என்பதில் நூலின் பெயரோடு யார் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு முழு எடுத்துக்காட்டு. பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது, புறநானூறு 112:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

வினா: பாரி மகளிரின் கையறுநிலையை (இழப்பால் செயலற்று நிற்பதை) இப்பாடல் எவ்வாறு வெளிப்படுத்துகிறது?

வழக்கமான விடை: 'பாரி மகளிர் தம் தந்தையையும் நாட்டையும் இழந்து மிகவும் துன்புற்றனர். அவர்களின் துயரத்தைப் புலவர் மிக அழகாகக் கூறியுள்ளார். இது படிப்போர் மனத்தை உருக்குகிறது.' இதில் 'புலவர்' என்பதே பொருந்தவில்லை, பாடுவது அந்த மகளிரே. 'மிக அழகாக', 'மனத்தை உருக்குகிறது' எல்லாம் இடத்தை அடைக்கும் சொற்கள். பாடலில் துன்பம், கண்ணீர் என்று ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

இப்படி எழுதிப் பாருங்கள்: 'பாரி மகளிர் தம் துயரை நேரடியாகச் சொல்லவில்லை. அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் அருகருகே வைக்கிறார்கள். "அற்றை", "இற்றை" என்ற சொற்களும் "அவ்வெண்ணிலவு", "இவ்வெண்ணிலவு" என்ற சுட்டுகளும் மட்டுமே மாறுகின்றன. நிலவு மாறவில்லை, அவர்கள் வாழ்வு மாறிவிட்டது. முன்பு தந்தையை முதலில் சொல்லிக் குன்றைப் பின்னர் சொன்னவர்கள், இப்போது குன்றை முதலில் சொல்லித் தந்தையைக் கடைசியில் சொல்கிறார்கள். இழப்பில் பெரியது இறுதியில் நிற்கிறது, பாடல் "இலமே" என்று முடிகிறது. "வென்றெறி முரசின் வேந்தர்" என்பது புகழ்ச்சி போலத் தோன்றினாலும், போரில் வெல்ல இயலாமல் வஞ்சனையால் கொன்றவர்களைக் குறிப்பதால் இகழ்ச்சிக் குறிப்பாகிறது.'

பழைய உரையும் அந்தத் தொடரை இகழ்ச்சிக் குறிப்பு என்றே சொல்கிறது. இந்த விடையில் எந்த வாக்கியமும் பாடலிலிருந்து ஒரு சொல்லையோ அமைப்பையோ பிடித்துக்கொள்ளாமல் நிற்கவில்லை. சோதிக்க ஒரு வழி: எழுதிய வாக்கியத்தை வேறொரு பாடலுக்கு அப்படியே தூக்கிப் போட முடியுமா பாருங்கள். முடிந்தால் அடித்துவிடுங்கள். 'இக்காலத்திற்கும் பொருந்தும் கருத்து' என்பது முதலில் அடிபடும்.

'நயம் பாராட்டுக' வினாவுக்கும் இதே பாடலை வைத்துச் சொல்கிறேன். மோனை எங்கே என்று கேட்டால் அற்றை, அவ்வெண். இற்றை, இவ்வெண் என்று எல்லாரும் காட்டிவிடுவார்கள். அந்த அகரமும் இகரமும் 'அன்று', 'இன்று' என்ற எதிர்நிலையையே ஓசையாகத் தாங்கி வருகின்றன என்று ஒரு வரி சேர்த்தால் அது நயம். தலைப்புகள் போட்டு எழுதுவது நல்லதுதான், திருத்துபவர் கண்ணுக்கு வசதி. ஆனால் பாடலில் இல்லாத அணிக்குத் தலைப்புப் போட்டு நிரப்பவேண்டாம்.

இலக்கணக் குறிப்பு, பிரித்து எழுதுதல், அலகிட்டு (சீரை அசையாகப் பிரித்து) வாய்பாடு எழுதுதல் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவை பயிற்சி. தினமும் ஒரு குறளை அலகிட்டால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியும் என்பதை வைத்தே பாதித் தவறுகளைப் பிடித்துவிடலாம்.

படி 7: உரையை எப்போது திறப்பது?

நீங்களே ஒரு முறை பொருள் எழுதிப் பார்த்த பிறகு. முன்னதாகத் திறந்தால் உரையாசிரியர் கண்ணால்தான் பாடல் தெரியும். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இலும், தம் உரையோடு குறுந்தொகையை 1937இலும் பதிப்பித்தார். குறுந்தொகை உரையில் சொல்லுக்குச் சொல் பொருளும் ஒப்புமைப் பகுதியும் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சங்க நூல்களும் உரைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூலங்கள் உள்ளன. புத்தகமாகப் புரட்டவேண்டும் என்றால் ராமகிருஷ்ணாபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. மலை மந்திர் போகிற ஞாயிற்றுக்கிழமை அப்படியே அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.

இரண்டு உரைகள் மாறுபட்டால் பயப்படவேண்டாம். பள்ளித் தேர்வுக்குப் பாடநூல் சொல்லும் பொருளை முதலில் எழுதுங்கள். 'இவ்வாறும் கொள்ளலாம்' என்று மற்றதை ஒரு வரியில் சேர்க்கலாம்.

வீட்டில் செய்துபார்க்க

மேலே முதல் படியில் வந்த 'இருநோக்கு' குறள் காமத்துப்பாலில் 'குறிப்பறிதல்' அதிகாரத்தில் இருக்கிறது. பேசுவது தலைவன். 'நோயும் மருந்தும் ஒரே கண்ணில் எப்படி?' என்ற வினாவுக்கு மூன்று வாக்கியத்தில் விடை எழுதுங்கள், அதிகாரத் தலைப்பு விடையில் வரவேண்டும்.

வழக்குரை காதையில் கண்ணகி 'தேரா மன்னா' என்று பேச்சைத் தொடங்குகிறாள். அரசனை விளிக்க எத்தனையோ அடைமொழி இருக்க, ஆராயாதவனே என்று ஏன் ஆரம்பிக்கிறாள்? அந்த ஒரு விளியையும் அரசன் கடைசியில் சொல்லும் 'யானே கள்வன்' என்பதையும் இணைத்து ஒரு பத்தி.

அடுத்து குறுந்தொகை 40:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

யாய் என் தாய், ஞாய் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. செம்புலம் செம்மண் நிலம், பெயனீர் மழைநீர். யமுனைக் கரையின் வெளிறிய வண்டல் மண்ணை மட்டும் பார்த்த பிள்ளைக்கு, செம்மண்ணில் விழுந்த மழைநீர் என்ன நிறமாகும் என்று முதலில் ஒரு படத்தில் காட்டிவிடுங்கள். கூற்று: இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அதை அவள் முகக்குறிப்பில் கண்ட தலைவன் சொல்வது. ஐந்தடிப் பாடலில் முதல் மூன்றடியும் கேள்வியாகவே இருப்பது ஏன்? தலைவியின் அச்சத்தோடு சேர்த்து, எட்டு வரிக்குள் எழுதுங்கள்.